யாரும் ஒளிபரப்பாத ஒளிபரப்பு: அப்பல்லோ 13, 1970 ஏப்ரல் 13 இரவு

1970 ஏப்ரல் 13, திங்கட்கிழமை. ஹூஸ்டனில் மணி இரவு எட்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது. பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அப்பல்லோ 13 கலத்திலிருந்து ஒரு நேரலை தொடங்கியது. வண்ணப் படம், குரலும் தெளிவு. கலத்தளபதி ஜிம் லவல் கேமராவைப் பிடித்திருக்க, ஃபிரெட் ஹேஸ் நிலவில் இறங்குவதற்கான நிலவுக் கலத்துக்குள் மிதந்து போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல் நீண்ட நிகழ்ச்சி அது. அமெரிக்காவின் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களான ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மூன்றில் ஒன்றுகூட அதை நேரலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சம்பவத்தை வழக்கமாக ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள்: "ஒன்பதே மாதத்தில் மக்களுக்கு நிலவு சலித்துப் போயிற்று." இந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் போதுமானதாகப் பட்டதில்லை. பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே மக்களுக்கு அன்று தரப்படவில்லை. முடிவெடுத்தவர்கள் வேறு. அவர்களுக்குத் தரப்பட்ட சரக்கு எப்படிப்பட்டது, அதில் எது விடுபட்டிருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

படம் வந்த வழி

முதலில் அந்தப் படம் எவ்வளவு உழைப்பில் வந்தது என்று பார்த்துவிடலாம். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் செய்த அந்தக் கேமராவில் படக்குழாய் ஒன்றுதான். அதன் முன்னால் சிவப்பு, நீலம், பச்சை வடிகட்டிகள் பொருத்திய சிறு சக்கரம் சுழலும். ஆகவே கேமரா அனுப்பியது முழு வண்ணப் படத்தை அன்று. ஒரு நிறத்துக்கான படம், அடுத்த நிறத்துக்கான படம் என்று வரிசையாக அனுப்பியது. மின்சாரமும் ஆக்சிஜனும் தரும் சேவைக் கலத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த, நான்கு சிறு கிண்ணங்கள் சேர்ந்த உயர்திறன் ஆன்டெனா அதைப் பூமிக்கு அனுப்பும். பெரிய தரை ஆன்டெனாக்கள் பிடித்து ஹூஸ்டனுக்குத் தரும். கலம் ஓடிக்கொண்டே இருப்பதால் டாப்ளர் விளைவில் சமிக்ஞையின் நேரக்கணக்கு பிசகும். இரண்டு வீடியோ டேப் இயந்திரங்களை ஒன்றோடொன்று இணைத்து முதலில் அந்தப் பிசகைச் சரிசெய்வார்கள். பிறகு காந்தத் தட்டில் மூன்று நிறங்களையும் பதித்துச் சேர்த்தால்தான் வீட்டுப் பெட்டியில் காட்டத்தக்க படம் கிடைக்கும்.

அதாவது, படம் ஹூஸ்டனில் முழுமையாகத் தயாராகிவிட்டது. நிறுவனங்கள் செய்ய வேண்டியிருந்தது, அதைத் தங்கள் அலைவரிசையில் இணைப்பது மட்டுமே. அன்று அந்தக் கடைசி இணைப்புதான் நடக்கவில்லை. கட்டுப்பாட்டு மையத்தின் திரையிலும் அதன் பின்னால் இருந்த பார்வையாளர் கூடத்திலும் படம் ஓடியது. லவலின் மனைவி மர்லின் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார். வீட்டில் இருந்திருந்தால் அவருக்கும் பார்க்கக் கிடைத்திருக்காது.

மூன்று அலுவலகங்களின் கணக்கு

திங்கட்கிழமை இரவு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விளம்பர வருவாய் கொழிக்கும் நேரம். கிழக்குக் கரையில் அப்போது மணி ஒன்பதரை. சிபிஎஸ்ஸின் அட்டவணையில் நகைச்சுவைத் தொடர்கள் வரிசைகட்டி நின்றன. என்பிசியும் ஏபிசியும் அந்த நேரத்தைத் திரைப்படங்களுக்கு ஒதுக்கியிருந்தன. அரை மணி நேர நேரலைக்காக இவற்றை நிறுத்தினால் விளம்பரதாரருக்குப் பதில் சொல்ல வேண்டும், உள்ளூர் நிலையங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நிறுத்தலாம்தான். அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

1968 அக்டோபரில் அப்பல்லோ 7 கலத்திலிருந்து முதன்முறையாக நேரலை வந்தபோது காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க விண்கலம் ஒன்றுக்குள்ளிருந்து மனிதர்கள் பேசுவதை அதற்கு முன் யாரும் நேரலையில் பார்த்ததே இல்லை. அந்த ஒளிபரப்புகளுக்கு எம்மி சிறப்பு விருதே கிடைத்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அப்பல்லோ 8 நிலவைச் சுற்றியபடி கறுப்பு வெள்ளையில் நிலவின் மேற்பரப்பைக் காட்டியது. மூவரும் ஆதியாகமத்தின் தொடக்க வசனங்களை வாசித்தார்கள். உலகமே கேட்டது. வாசித்த மூவரில் ஒருவர் இதே ஜிம் லவல். 1969 மே மாதம் அப்பல்லோ 10 வண்ணத்தைக் கொண்டுவந்தது. ஜூலையில் அப்பல்லோ 11. ஒவ்வொரு முறையும் முன்பில்லாத ஏதோ ஒன்று திரையில் இருந்தது.

நவம்பரில்தான் முதல் அடி விழுந்தது. அப்பல்லோ 12-இன் முதல் நிலவு நடையில், ஆலன் பீன் கேமராவை இடம் மாற்றும்போது அது சூரியன் பக்கம் திரும்பிவிட, படக்குழாய் கருகிப் போயிற்று. நிலவில் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்க, நிறுவனங்கள் கையில் வெறும் குரல். ஸ்டூடியோவில் மாதிரிகளை வைத்துக் காட்டி மணிக்கணக்கில் ஓட்ட வேண்டியதாயிற்று. நேரத்தை ஒதுக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த முறை யோசிப்பது இயல்புதான்.

இந்தப் பின்னணியில் ஏப்ரல் 13-ஐப் பாருங்கள். சனிக்கிழமை ஏவுதல். அன்றும் கலத்திலிருந்து படம் வந்தது, ஞாயிறன்றும் வந்தது. திங்கள் இரவு நிகழ்ச்சியில் புதிதாக என்ன என்று ஒரு நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கேட்டிருந்தால், கிடைத்திருக்கக்கூடிய பதில்: "நிலவுக் கலத்தின் உட்புறத்தைச் சுற்றிக் காட்டுவார்கள்." ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு நிலவுக் கலங்கள் இறங்கித் திரும்பியாகிவிட்டது. வேண்டாம் என்று சொன்னவர்களை என்னால் குற்றவாளிகளாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த முடிவைக் கலத்தில் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாடே பார்க்கிறது என்ற நினைப்பில்தான் லவல் பேசிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

காட்டியவையும் காட்டாதவையும்

நிகழ்ச்சியில் இருந்தவை இனிமையானவை. நிலவில் தங்கும்போது படுக்கப்போகும் தூளியை ஹேஸ் விரித்துக் காட்டினார். விண்வெளி உடைக்குள் வைத்துக் குடிக்கும் பானப் பை வந்தது. சிறிய டேப் ரெக்கார்டர் ஒன்று இசைத்தபடியே காற்றில் மிதந்தது. எடையின்மையில் எவ்வளவு வசதியாக வாழ்கிறோம் பாருங்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடிய செய்தி.

அதே வேளையில் கலத்தின் உண்மையான கதை வேறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நிலவுக் கலமான அக்வேரியஸுக்குள் அன்று அவர்கள் திட்டமிட்டதைவிட முன்கூட்டியே நுழைந்தார்கள். அதன் இறங்கு இயந்திரத்துக்கான ஹீலியம் டேங்கில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தார்கள், கவலைப்பட ஏதுமில்லை. அடுத்தது, சேவைக் கலத்தின் இரண்டாம் ஆக்சிஜன் டேங்கின் அளவுமானி. அன்று நண்பகல்வாக்கில் அது உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று சரியாகத் தெரியாததால், உள்ளிருக்கும் விசிறிகளை வழக்கத்தைவிட அடிக்கடி ஓட்டி ஆக்சிஜனைக் கலக்கிப் பார்க்கும்படி ஹூஸ்டன் சொல்லிக்கொண்டிருந்தது.

இவற்றில் ஒரு சொல்கூட அந்த நேரலையின் மையமாக இல்லை. மறைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிட்டதாக நான் சொல்லவில்லை. பொறியாளர்களுக்கு இவை அன்றாட வேலை. ஒரு பயணத்தில் இப்படிப் பத்து வரும், பத்தும் தீரும். ஆனால் ஒரு தொலைக்காட்சிக்காரரின் கண்ணோடு பார்த்தால், அன்றைய தினத்தில் இருந்த செய்தி முழுவதும் இங்கேதான் இருந்தது. ஏன் முன்கூட்டியே உள்ளே போனார்கள்? 3 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மானி பொய் சொல்லத் தொடங்கினால் தரையில் இருப்பவர்கள் உண்மையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை எடுத்துப் பேச ஒரு பொறியாளரையும் ஒரு கரும்பலகையையும் ஹூஸ்டனில் வைத்திருந்தால் அரை மணி நேரம் போதாமல் போயிருக்கும்.

விண்வெளிப் பயணத்தைத் தொலைக்காட்சிக்கு அறிமுகப்படுத்தியபோதே அதை ஒரு காட்சி நிகழ்ச்சியாக அறிமுகப்படுத்திவிட்டார்கள். முதல் முறை, முதல் வண்ணம், முதல் அடி. "முதல்"கள் தீர்ந்தபோது சொல்ல ஒன்றும் இல்லாதது போன்ற தோற்றம் வந்துவிட்டது. ஆபத்தும் வேலையும் தினமும் இருந்தன. அவற்றைச் சொல்லும் பழக்கம் இரு தரப்பிலும் உருவாகவில்லை. சலிப்பு அங்கிருந்துதான் வந்தது என்பது என் முடிவு. நாசாவின் நிதி 1966-இலேயே உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அப்பல்லோ 20 பயணம் 1970 ஜனவரியில் ரத்தாகியிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் தன் வேலையின் கனத்தை மக்களுக்குச் சொல்ல வேண்டிய தேவை அந்த நிறுவனத்துக்கு மிக அதிகமாக இருந்தது.

ஒன்பது நிமிடம்

ஹூஸ்டனில் மணி ஒன்பதை ஒட்டி லவல் விடைபெற்றார். எல்லோருக்கும் இனிய மாலை வாழ்த்துச் சொல்லி, அக்வேரியஸ் சோதனையை முடித்துக்கொண்டு கட்டளைக் கலமான ஒடிஸியில் ஓர் இனிய மாலைப் பொழுதுக்குத் திரும்பப் போவதாகச் சொல்லி, குட் நைட் என்று முடித்தார். கேமரா அணைந்தது.

தூங்கப் போகும் முன் முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் மிச்சம் இருந்தன. தரையிலிருந்து கலத்தோடு பேசும் பொறுப்பில் (கேப்காம்) இருந்த ஜாக் லூஸ்மா இன்னும் ஒன்று என்று சொல்லி, ஆக்சிஜன், ஹைட்ரஜன் டேங்குகளைக் கலக்கச் சொன்னார். அப்படிச் செய்யும்படி கேட்டுக்கொண்டவர் தரையில் மின்சார, உயிர்காப்பு அமைப்புகளைக் கவனித்த சை லீபர்காட். கூடவே, பென்னெட் வால்நட்சத்திரத்தைப் பார்க்க விரும்பினால் கருவியை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதையும் லூஸ்மா சொன்னார். அவ்வளவு சாதாரணமான இரவு அது.

கலத்தில் இருந்த மூன்றாமவர் ஜாக் ஸ்விகெர்ட் விசிறிகளை ஓடவிட்டார். சுமார் ஒன்றரை நிமிடத்தில் பெரிய சத்தம். நேரலை முடிந்து ஒன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. ஸ்விகெர்ட் இருக்கையில் இருந்தார். ஹேஸ் இன்னும் நிலவுக் கலத்தில். லவல் நடுவில், கேமராவோடும் அதன் ஒயர்களோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பயணத்தில் ஹேஸ் ஏற்கெனவே ஒரு வால்வை அழுத்திச் சத்தம் எழுப்பி மற்ற இருவரையும் திடுக்கிட வைத்திருந்ததால், இதுவும் அவர் வேலைதான் என்று லவல் முதலில் நினைத்தார். ஹேஸின் முகத்தைப் பார்த்ததும் இல்லை என்று புரிந்தது. ஹூஸ்டனில் மணி 9:08. "ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது" என்று முதலில் ஸ்விகெர்ட்டும், லூஸ்மா திரும்பச் சொல்லச் சொன்னதும் லவலும் சொன்னார்கள்.

ஒளிபரப்பின் கோணத்தில் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டாம் ஆக்சிஜன் டேங்க் வெடித்த கணத்தில் தரைக்கு வரும் தரவு ஏறக்குறைய 2 விநாடி அறுந்தது. உயர்திறன் ஆன்டெனா குறுகிய கற்றையிலிருந்து அகலக் கற்றைக்குத் தானாக மாறியது. சேவைக் கலத்திலிருந்து பெயர்ந்து பறந்த பக்கத்தகடு ஆன்டெனாவில் மோதியிருக்க வேண்டும் என்று பிறகு எட்கர் கோர்ட்ரைட் தலைமையிலான விசாரணைக் குழு கருதியது. நேரலையை அனுப்பிக்கொண்டிருந்த அதே கிண்ணங்கள் அவை.

காரணமும் அக்குழுவின் அறிக்கையில் இருக்கிறது. டேங்கின் வெப்பமூட்டிக்கான பாதுகாப்பு சுவிட்சுகள் 28 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. ஏவுதளத்தில் கொடுக்கப்பட்டது 65 வோல்ட். ஏவுவதற்கு முந்தைய சோதனையில் டேங்கைக் காலி செய்ய எட்டு மணி நேரம் வெப்பமூட்டியை ஓட்டினார்கள். சுவிட்சுகள் ஒட்டிப்போய், உள்ளே வெப்பம் சுமார் 540 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, ஒயர்களின் டெஃப்லான் உறை சிதைந்தது. அங்கிருந்த வெப்பமானியோ சுமார் 27 டிகிரிக்கு மேல் காட்டவே வடிவமைக்கப்படவில்லை. பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது.

படமில்லாத நான்கு நாள்

பார்வையாளர் கூடத்திலிருந்து வீடு திரும்பிய மர்லின் லவலுக்குச் செய்தி தொலைபேசியில் வந்தது. சற்று நேரத்தில் மூன்று நிறுவனங்களும் நிகழ்ச்சிகளை இடைமறித்து அறிவித்தன. நள்ளிரவு தாண்டி நாசா அதிகாரிகள் நிருபர்களைச் சந்தித்தார்கள். மாலையில் இடமில்லை என்றவர்கள், மறுநாள் லவல் வீட்டுப் புல்வெளியில் ஒளிபரப்புக் கருவிகளை நிறுத்த அனுமதி கேட்டார்கள். மர்லின் மறுத்துவிட்டார். அந்த மறுப்பில் அவர் பக்கம் முழு நியாயமும் இருப்பதாக நினைக்கிறேன்.

இப்போது காட்ட வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். காட்டத்தான் படம் இல்லை. ஒடிஸியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு மூவரும் அக்வேரியஸில் ஒண்டிக்கொண்டார்கள். இருவர் இரண்டு நாள் தாங்குவதற்கான அதன் பேட்டரிகளை மூவருக்கு நான்கு நாள் இழுக்க வேண்டும். விளக்குகூட ஆடம்பரம் என்றான நிலையில் கேமராவுக்கு வழியே இல்லை. திங்கள் இரவுக்குப் பிறகு அந்தக் கலத்திலிருந்து ஒரு தொலைக்காட்சிப் படம்கூட வரவில்லை.

படம் இருந்தபோது ஒளிபரப்பவில்லை. உலகமே பெட்டி முன் உட்கார்ந்தபோது படம் இல்லை. அந்த நாட்களில் நிறுவனங்கள் கையாண்டவை கலத்தின் மாதிரிகள், வரைபடங்கள், தரையோடு பேசிய குரல் பதிவுகள். ஏப்ரல் 13 இரவு தேவைப்படவில்லை என்று நினைத்த விளக்கம் சொல்லும் வேலை முழுவதையும் அவர்கள் நான்கு நாளில் செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள். எரிபொருள் மின்கலம் என்றால் என்ன, பூமிக்குத் திரும்பும் பாதையைக் கலம் எப்படிப் பிடிக்கிறது, நுழைகோணம் பிசகினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சாதாரணக் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் புரியவைத்தார்கள். பார்வையாளருக்கு இவை புரியாது, பிடிக்காது என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்று அந்த நான்கு நாள் காட்டியது. (அப்போது இந்தியாவில் தொலைக்காட்சி இருந்தது டெல்லியில் மட்டும், சென்னைக்கு அது வர 1975 ஆயிற்று. நம்மவர்கள் வானொலியிலும் நாளிதழிலும் இதைத் தொடர்ந்தார்கள். கலத்துக்குள் நடப்பதைக் காதால் மட்டுமே அறிய முடிந்த அந்த நாட்களில் அமெரிக்கர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.)

படம் இல்லாதது கலத்தில் இருந்தவர்களையும் பாதித்தது. கரியமில வாயு ஏறிக்கொண்டிருந்தது. ஒடிஸியின் சதுர வடிகட்டிப் பெட்டிகளை அக்வேரியஸின் வட்ட அமைப்போடு பொருத்த வேண்டும். பிளாஸ்டிக் பை, அட்டை, உடைக் குழாய், டேப் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பொருத்தியைத் தரையில் செய்து பார்த்தார்கள். அதைக் கண்ணால் காட்ட வழியில்லை. எங்கே வெட்ட வேண்டும், எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று படிப்படியாக வாயாலேயே சொல்லி, மேலே இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்து முடித்தார்கள். சொல்பவரின் பொறுமையும் கேட்பவரின் கவனமும் அங்கே உயிரைக் காத்தன.

ஏப்ரல் 17 காலை சேவைக் கலத்தைக் கழற்றிவிட்டபோதுதான் சேதத்தை மூவரும் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் பெயர்ந்து போயிருந்தது என்று லவல் தரைக்குச் சொன்னார். புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் பயணத்தின் மிக முக்கியமான அந்தக் காட்சியை, ஃபிலிம் திரும்பி வந்து கழுவிய பிறகே உலகம் பார்த்தது.

அன்று நண்பகல் கடந்து, ஹூஸ்டன் நேரம் 12:07-க்கு, இவோ ஜிமா கப்பலுக்கு அருகே பசிபிக்கில் ஒடிஸி இறங்கியது. வளிமண்டலத்தில் நுழையும்போது தொடர்பு அறும் நேரம் எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் நீண்டு எல்லோரையும் பதற வைத்தது. பிறகு மூன்று பாராசூட்டுகளும் விரிந்து இறங்குவதை மீட்புக் கப்பலின் கேமராக்கள் நேரலையில் காட்டின. எந்த நிறுவனமும் அதை விட்டுவிடவில்லை.

அதன் பின்

1971 ஜனவரி 31 அன்று புறப்பட்ட அப்பல்லோ 14-இல் ஆக்சிஜன் டேங்கின் விசிறிகள் நீக்கப்பட்டிருந்தன. தனியாக மூன்றாவது டேங்க் ஒன்றும், அவசரத்துக்குக் கூடுதல் பேட்டரியும் சேர்ந்திருந்தன. தொலைக்காட்சியில் மாற்றம் அதே ஆண்டு ஜூலையில், அப்பல்லோ 15-இல் வந்தது. நிலவில் ஓடும் வண்டியிலேயே கேமராவைப் பொருத்தி, அதை ஹூஸ்டனிலிருந்து எட் ஃபென்டெல் இயக்கினார். விண்வெளி வீரர் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்த வேண்டிய தேவை போயிற்று. அவர் தன் வேலையைப் பார்த்தார். கேமரா அந்த வேலையைக் காட்டியது. பாறையைச் சுத்தியலால் உடைப்பதும், துளைக்கருவி சிக்கிக்கொண்டு திணறுவதும் அப்படியே திரைக்கு வந்தன. 1970 ஏப்ரலில் இல்லாமல் போனது இந்த வகைப் படம்தான் என்று நான் கருதுகிறேன்.

ஆனாலும் 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வந்தபோது நிறுவனங்கள் மறுபடியும் நேரத்தைச் சுருக்கிக்கொண்டன. நிலவுக் கலம் மேலெழும்புவதைக் கேமரா அண்ணாந்து தொடர்ந்த புகழ்பெற்ற படத்தை அந்தப் பயணத்தில்தான் ஃபென்டெல் எடுத்தார். கட்டளை போய்ச் சேரும் தாமதத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு அசைவையும் விநாடிக் கணக்கில் முன்கூட்டியே அனுப்பினார். எந்தப் படம் எந்த வீட்டுக்குப் போகும் என்பதை அப்போதும் நியூயார்க்கில் இருந்த அதே மூன்று அலுவலகங்களே தீர்மானித்தன. நாசா தனக்கென்று ஒரு தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியது 1980-களில்தான்.